தனிமை உண்மையில் பெருகுகிறதா, இப்போதுதான் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறோமா?

கிளிஞ்சல்:

அப்பாவுக்கு வயது 78. எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் ஐந்து பேர். போன வாரம் அலமாரியை ஒழித்தபோது அவருடைய பழைய தொலைபேசி டைரி கையில் கிடைத்தது. நீல அட்டை, ஓரத்தில் எழுத்து வரிசைக்கு வெட்டிய படிகள், நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். இறந்துபோனவர்களின் பெயர் மீது ஒரு மெல்லிய கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறார். கோட்டுக்கு அடியில் பெயர் படிக்கும்படியாகவே இருக்கிறது. கோடு விழாத பெயர்களை எண்ணிப் பார்த்தேன். 23.

“இவர்களோடு கடைசியாக எப்போது பேசினீர்கள் அப்பா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “என்ன விஷயம் என்று சொல்லிப் பேசுவது?” என்றார்.

அந்தப் பதிலைத்தான் இரண்டு நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். செய்திகளைப் படித்தால் உலகம் முழுக்க இதே கதையாக இருக்கிறது. 2018-இல் பிரிட்டன் தனிமையைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2021-இல் ஜப்பானும் அப்படியே செய்தது. 2023-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி இதை ஒரு கொள்ளைநோய் என்றே அழைத்து அறிக்கை வெளியிட்டார். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது.

நான் கேட்க விரும்புவது இதுதான்: முன்பு குறைவாக இருந்து இப்போது கூடியிருக்கிறதா? அல்லது எப்போதும் இருந்ததை இப்போதுதான் எண்ணுகிறோமா? எங்கள் வீட்டில் நான் பார்ப்பதை வைத்து உலகத்தைப் பற்றி முடிவு கட்ட எனக்குத் துணிவில்லை.

அளவுகோல்:

சமூக ஆய்வுகளுக்கு வினாத்தாள் தயாரிப்பதும் வந்த விடைகளைத் தொகுப்பதும் என் வேலை. அதனால் முதலில் ஒரு எச்சரிக்கை. “ஆறில் ஒருவர்” என்பது ஒரு நாள் எடுத்த நிழற்படம். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஆள் பருத்தானா இளைத்தானா என்று சொல்ல முடியாது. அதே மனிதனைப் பல ஆண்டுகள், அதே கேள்வியைக் கேட்டு எடுத்த படங்கள் வேண்டும்.

முதியவர்களைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து முதியோரிடம் கேட்டு 1948-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடர்ந்து பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கடுமையான தனிமையில் இருப்பதாகச் சொன்னவர்கள் அன்றும் பத்து சதவீதத்துக்குக் கீழேதான். அரை நூற்றாண்டு கழித்துக் கேட்டபோதும் ஏறத்தாழ அதே அளவுதான். சுவீடனில் 77 வயதைத் தாண்டியவர்களிடம் 1992 முதல் 2014 வரை கேட்டுவந்தார்கள். கூடவில்லை. நெதர்லாந்தில் இன்னும் வியப்பு: பிந்திப் பிறந்த தலைமுறையினர், தங்களுக்கு முந்தியவர்கள் அதே வயதில் இருந்ததைவிடத் தனிமை குறைவாகவே உணர்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் வேதனையை நான் மறுக்கவில்லை. அது இந்தக் காலத்தின் புதிய நோய் என்பதற்கு முதியோர் பற்றிய தரவு இடம் கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கரும்பலகை:

அளவுகோல் ஐயா, முதியவர்களோடு நிறுத்திவிட்டீர்களே! பிள்ளைகளைப் பாருங்கள்.

இருபத்தாறு ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் வகுப்பில் ஒரு மாணவன். இடைவேளை மணி அடித்ததும் தண்ணீர்க் குழாய்க்குப் போய்ப் பாட்டிலை நிரப்புவான். பாதியைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் வரிசையில் வந்து நிற்பான். ஒரே இடைவேளையில் மூன்று முறை நிரப்பியதைப் பார்த்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது: கையில் வேலை இருப்பவனிடம் யாரும் “ஏன் தனியாக நிற்கிறாய்?” என்று கேட்க மாட்டார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

இப்படிப்பட்ட பிள்ளை எல்லாக் காலத்திலும் வகுப்புக்கு ஒருவன் இருந்திருப்பான் என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்தான். இப்போது வகுப்புக்கு நான்கைந்து பேர். இது என் கண்ணில் பட்டது மட்டும் இல்லை. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா தேர்வில் பள்ளியில் தனிமையாக உணர்கிறீர்களா என்ற கேள்வி 2000-ஆம் ஆண்டிலிருந்து இடம்பெற்றிருக்கிறது. 2012-க்கும் 2018-க்கும் இடையில் 37 நாடுகளில் 36-இல் பள்ளித் தனிமை கூடியது. முப்பத்தாறு! மொழி வேறு, பொருளாதாரம் வேறு, பள்ளி நடத்தும் முறை வேறு. ஆனால் கோடு ஒரே பக்கம் ஏறுகிறது.

2012-க்குப் பிறகு பிள்ளைகளின் கைக்கு என்ன வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மொட்டைமாடி:

எனக்கு வயது 71. தனியாக வசிக்கிறேன். “பாவம், தனியாக இருக்கிறாரே” என்று பார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வளர்ந்த வீட்டில் பதினாறு பேர். படுக்கப் பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அத்தை ஒருவர் எங்களோடு இருந்தார். மாலையில் காய்ந்த துணிகளை மடிப்பது அவருடைய வேலை. பதினாறு பேரின் துணி. ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் மடித்து அடுக்கினார். பிறகு அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மறுபடியும் மடிக்கத் தொடங்கினார். “ஏன் அத்தை?” என்றேன். “இன்னும் ஈரம் இருக்கிறது” என்றார். தொட்டுப் பார்த்தேன். சருகு போலக் காய்ந்திருந்தது.

கீழே இறங்கினால் பதினைந்து பேர் இருப்பார்கள். அதில் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுதான் அவரை மாடியில் நிறுத்தியது. இது எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

அந்தக் காலத்தில் யாராவது வினாத்தாளோடு எங்கள் வாசலுக்கு வந்திருந்தால், விடை சொல்லியிருப்பவர் என் தாத்தா. “எங்கள் வீட்டில் தனிமையா? பதினாறு பேர் இருக்கிறோம்” என்று சொல்லி அனுப்பியிருப்பார். ஆகவே பழைய காலத்தில் தனிமை குறைவு என்று யாராவது சொன்னால், யாரிடம் கேட்டுச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்பேன்.

இன்று என் வீட்டில் நான் ஒருத்திதான். விடியற்காலையில் எழுந்து படிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இந்த நிலைக்கு நம் மொழியிலேயே ஒரு தனிச் சொல் இருக்கிறது: ஏகாந்தம். தனிமையையும் ஏகாந்தத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

அளவுகோல்:

மொட்டைமாடி அம்மா, உங்கள் அத்தை துணி மடித்ததை நான் இனி மறக்கப்போவதில்லை. ஆய்வாளர்களும் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். தனித்து வாழ்வது வேறு, ஆள் தொடர்பு குறைவாக இருப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு. வேண்டிய உறவுக்கும் கிடைத்த உறவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அதுவே தனிமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் 1960-இல் ஒருவர் மட்டுமே வசித்த வீடுகள் 13 சதவீதம். 2020-இல் அது 28 சதவீதத்தை நெருங்கிவிட்டது. தனித்து வாழ்வதும் தனிமையும் ஒன்றானால் தனிமையும் இரட்டிப்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஐரோப்பாவிலும் அப்படித்தான். முதியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடு வாழும் தென்பகுதி நாடுகளில் தனிமை அதிகம். தனித்து வாழ்வது வழக்கமாகிவிட்ட வடபகுதியில் குறைவு. வீட்டில் ஆள் இருந்தால் பேச்சும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். எதிர்பார்த்தது கிடைக்காதபோதுதான் வலிக்கிறது.

கேள்வி கேட்பதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். இது என் தொழிலுக்கே ஒரு பாடம். அமெரிக்காவில் ஒரு பெரிய கணக்கெடுப்பில், “கடந்த ஆறு மாதங்களில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யார் யாரோடு பேசினீர்கள்?” என்று கேட்டுப் பெயர்களைப் பதிந்தார்கள். 1985-இல் ஒருவர் பெயரும் சொல்லாதவர்கள் பத்தில் ஒருவர். 2004-இல் நான்கில் ஒருவர். 2006-இல் இது வெளியானபோது நாளிதழ்கள் அலறின. ஆனால் சமூகவியலாளர் கிளாட் ஃபிஷர் அந்த எண்ணை நம்பவில்லை. இருபது ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறு எந்த அளவீட்டிலும் தென்படாமல் இதில் மட்டும் எப்படி வரும் என்று கேட்டார். பின்னால் வேறு ஆய்வாளர்கள் தோண்டியபோது, பேட்டி எடுத்தவர்களில் சிலரிடம் மட்டும் “யாரும் இல்லை” என்ற விடை மலைபோல் குவிந்திருந்தது தெரிந்தது. ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயரைப் பற்றி வரிசையாகத் துணைக்கேள்விகள் வரும். ஒன்றும் இல்லையென்றால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பேட்டி எடுத்தவரும் மனிதர், விடை சொன்னவரும் மனிதர். இருவருக்கும் களைப்பு உண்டு.

ஒரு நாட்டின் தனிமை இரண்டரை மடங்கானது என்ற செய்திக்கு அடியில் இந்தக் களைப்பும் கிடந்தது. அதனால்தான் நான் இவ்வளவு தயங்குகிறேன்.

கரும்பலகை ஐயாவுக்கு: இளைஞர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களைப் பற்றி 1976-க்கும் 2019-க்கும் இடையில் நடந்த 345 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது தனிமை மெல்ல ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் கைப்பேசி வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1976-இல் யார் கையில் கைப்பேசி இருந்தது? குற்றவாளியை அவ்வளவு விரைவாகப் பிடித்துவிட வேண்டாம்.

விரல்மொழி:

கைப்பேசியைப் பற்றிப் பேச எனக்கும் ஒரு உரிமை இருக்கிறது. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

இளமையில் தொலைபேசி என்பது எங்கள் வீட்டில் மற்றவர்கள் சிரிப்பதற்கான கருவி. மணி அடிக்கும், எனக்குக் கேட்காது. அம்மா ஓடிப்போய் எடுப்பார், சிரிப்பார், அரைமணி நேரம் பேசுவார். “யார், என்ன?” என்று சைகையில் கேட்டால், “சும்மா” என்று கையை அசைப்பார். அரைமணி நேரப் பேச்சு எனக்கு ஒரு கையசைப்பாக வந்து சேரும். குறுஞ்செய்தி வந்த நாளில்தான் ஒரு தோழியோடு, இடையில் யாரும் இல்லாமல், என் சொற்களில் பேசினேன். அப்போது எனக்கு வயது 24. பிறகு காணொலி அழைப்பு வந்தது. என் மொழியிலேயே, கைகளாலேயே பேசுகிறேன். என்னைப் போன்றவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள் என்பதே அதன்பிறகுதான் தெரிந்தது.

தனிமை கூடியதா என்று என்னைக் கேட்டால், குறைந்தது. அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தது. சராசரியில் என் விடை கரைந்துபோகலாம். இந்த இழையில் கரைந்துபோகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கரும்பலகை:

விரல்மொழி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் பழைய வரியைத் திருத்திக்கொள்கிறேன். கருவியைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்தது தவறு. நீங்கள் அதை ஒருவரை அடைவதற்குப் பயன்படுத்தினீர்கள். என் மாணவர்களில் பலர் பிறர் வாழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பயன்படுத்துகிறார்கள். தன்னை அழைக்காத கூட்டத்தின் படத்தை இரவு பதினொரு மணிக்குத் தன் படுக்கையில் பார்க்கும் பிள்ளை எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அழைக்கப்படாதது காதில் விழ இரண்டு நாள் ஆகும்; சில நேரம் விழாமலே போகும். அந்தத் திரை இப்போது கிழிந்துவிட்டது.

பின்னிரவு:

மனச்சோர்வில் இருப்பவர்கள் அழைக்கும் ஓர் உதவி எண்ணில் இரவு நேரத் தொண்டராக இருக்கிறேன். யாருடைய கதையையும் இங்கே சொல்ல மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்கிறேன்: அழைப்பவர்களில் பாதிப் பேர் “தனிமையாக இருக்கிறது” என்று சொல்லவே மாட்டார்கள். தூக்கம் வரவில்லை என்பார்கள். முதுகு வலிக்கிறது என்பார்கள். மணி என்ன என்று கேட்பார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான் குரல் இறங்கும்.

அளவுகோல், உங்கள் கவனத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு இடத்தில் உங்களோடு நான் மோத வேண்டியிருக்கிறது. முதியோரில் தனிமைச் சதவீதம் மாறவில்லை என்று சொல்லும்போது கேட்பவருக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிக்கு இடமில்லை. 1950-இல் உலக மக்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம். 2022-இல் 10 சதவீதம். 77 கோடிப் பேர். 2050-இல் 16 சதவீதம் ஆகும் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிடுகிறது. சதவீதம் அசையாமல் நின்றாலும், இரவு மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கும் முதியவர்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிட்டது. அவர்கள் சதவீதமாக விழித்திருப்பதில்லை, ஒவ்வொருவராக விழித்திருக்கிறார்கள்.

இது மனத்தோடு நிற்கும் துயரமும் இல்லை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களைத் தொகுத்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000. மணிக்கு நூறு பேர். நான் ஒரு இரவில் ஆறு மணி நேரம் உட்காருகிறேன்.

அளவுகோல்:

பின்னிரவு, ஏற்கிறேன். சதவீதத்தை எழுதிவிட்டு எண்ணிக்கையை எழுதாதது என் தவறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் தயக்கத்துக்கு எதிரானதுதான். மனத்தில் உணர்வதை அளப்பது கடினம். கடிகாரத்தை அளப்பது அவ்வளவு கடினம் இல்லை. அமெரிக்கர்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நிமிட வாரியாகக் கேட்கும் கணக்கெடுப்பு 2003 முதல் நடக்கிறது. அந்த ஆண்டில் நண்பர்களோடு நேரில் கழித்தது சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். 2020-இல் 20 நிமிடம். அது பெருந்தொற்று ஆண்டு, அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 2019-லேயே அது 34 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. யாரையும் வீட்டுக்குள் அடைக்காத ஆண்டு அது.

ஆக, என்னிடம் உறுதியாக இருப்பது இவ்வளவுதான். இளையவர்களிடம் தனிமை ஏறியிருக்கிறது. முதியவர்களிடம் விகிதம் அப்படியே நிற்க, ஆட்கள் பெருகிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கும் நேரம் சுருங்கியிருக்கிறது. இவற்றைக் கூட்டி ஒரே விடையாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

மொட்டைமாடி:

அந்த 60 நிமிடம் எப்படிப்பட்ட நிமிடம் என்று நான் சொல்கிறேன். வரிசையில் நின்ற நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடம். திருப்பித் தர வேண்டிய புத்தகத்தைக் கொடுக்கப் போய் வாசலிலேயே நின்று பேசிய நிமிடம். யாரும் யாரையும் சந்திக்க வேண்டும் என்று கிளம்பியதில்லை. வேறு வேலைக்குப் போனோம், வழியில் மனிதர்கள் இருந்தார்கள். இப்போது அந்த வேலைகளெல்லாம் வீட்டிலிருந்தே முடிந்துவிடுகின்றன. மனிதரைப் பார்க்க வேண்டுமானால் மனிதரைப் பார்ப்பதற்கென்றே புறப்பட வேண்டும். கூச்சமுள்ளவர்களால் அது முடியாது. என் அத்தையால் முடிந்திருக்காது. கிளிஞ்சல், உன் அப்பாவாலும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன் அம்மா.

உறவு குறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சாக்குகள் குறைந்துவிட்டன.

கிளிஞ்சல்:

மொட்டைமாடி அம்மா, உங்கள் பதிவைப் படித்த மறுநாள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த 23 எண்களையும் ஒவ்வொன்றாக அழைத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

14 எண்கள் இப்போது இல்லை. பழைய தரைவழி எண்கள். நான்கில் வேறு யாரோ பேசினார்கள். மூன்றில் மணி அடித்து ஓய்ந்தது. ஒன்றை ஒரு பெண் எடுத்தார். மாமனார் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தவறிவிட்டார் என்றார். அப்பா என்னிடமிருந்து டைரியை வாங்கினார். பேனாவைத் தேடி எடுத்தார். “எந்தத் தேதி என்று கேள்” என்றார். கேட்டுச் சொன்னேன். கோட்டை அவரே இழுத்தார். மேசையோரத்தை அளவுகோலாக வைத்து, கை நடுங்காமல் இழுக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

கடைசி எண்ணை அவருடைய பழைய அலுவலக நண்பரே எடுத்தார். இருவரும் பதினேழு ஆண்டுகளாகப் பேசியதில்லை. சண்டை எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு பேசுவதற்கு அலுவலகம் இல்லை, அவ்வளவுதான். அப்பா தன் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். பிறகு நாற்பது நிமிடம் பேசினார்கள். காது கேட்கும் கருவியைப் பற்றித்தான் பெரும்பகுதி. இருவரும் ஒரே காதில் போட்டிருக்கிறார்கள்.

நேற்று மாலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார், அதே நண்பர். “இருக்கிறார், என்ன விஷயம் என்று சொல்லட்டும் மாமா?” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு நொடி தயங்கியது எனக்குக் கேட்டது.

“ஒன்றுமில்லை அம்மா. சும்மாதான்” என்றார்.

அதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.